இன்ஹேலரைக் கொடுப்பவர்களே கற்றுக்கொடுக்கவும் வேண்டும்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு வடசென்னையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், பெருநகர சென்னை மாநகராட்சியின் மாநகர நல அலுவலர் அவர்களுக்கும்,

வணக்கம்.

அரசு மருந்தகத்தில் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது தண்டையார்பேட்டையில் ஒரு சிறிய மருந்துக் கடையில் உட்கார்ந்திருக்கும் நான், ஒரே ஒரு கோரிக்கையோடு இந்த மடலை எழுதுகிறேன். நாள்பட்ட நுரையீரல் நோயோடு வரும் ஒருவர், தமக்குக் கொடுக்கப்படும் இன்ஹேலரைப் பணியாளர் ஒருவரின் கண்முன்னே பயன்படுத்திக் காட்டாமல் மருந்தக ஜன்னலை விட்டுப் போகக்கூடாது. அடுத்த முறை மருந்து வாங்க வரும்போதும், அதற்கு அடுத்த முறையும், அவர் அதைத் திரும்பச் செய்து காட்ட வேண்டும். இதை ஒரு நல்ல பழக்கமாகப் பரிந்துரைத்தால் போதாது. மருந்து வழங்கும் பணியின் பிரிக்க முடியாத பகுதியாக ஆணையிட்டு, திருவொற்றியூர் தொடங்கித் திரு.வி.க. நகர் வரையுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்தக் கோரிக்கையை வடசென்னையை முன்னிட்டு எழுதக் காரணம் உண்டு. துறைமுகத்திலும் கிடங்குகளிலும் தூசிக்குள் மூட்டை சுமந்தவர்கள், விறகடுப்பிலும் மண்ணெண்ணெய் அடுப்பிலும் பாதி ஆயுளைக் கழித்த பெண்கள், சிறுவயதிலேயே பீடியைத் தொட்டவர்கள், காசநோயிலிருந்து குணமாகியும் வடுப்பட்ட நுரையீரலோடு வாழ்கிறவர்கள், கொடுங்கையூர்க் குப்பைமேட்டின் புகைக்கும் எண்ணூர், மணலித் தொழிற்சாலைகளின் காற்றுக்கும் பக்கத்திலேயே குடியிருப்பவர்கள் என்று, மூச்சிரைப்புக்கான காரணங்கள் எல்லாமே இங்கே ஒரே தெருவில், சில வீடுகளில் ஒரே ஆளிடம், சேர்ந்திருக்கின்றன. காற்றைத் தூய்மையாக்கக் கேட்பவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அது பெரிய போராட்டம், அதற்கு நான் துணை நிற்கிறேன். ஆனால் ஏற்கெனவே சுருங்கிப்போன மூச்சுக்குழாய்களோடு இருப்பவர்கள் அந்தப் போராட்டம் முடியும்வரை காத்திருக்க முடியாது. அவர்களுக்கு இன்றைக்கே நிவாரணம் தரக்கூடிய மருந்து நம்மிடம் இருக்கிறது. சால்புட்டமால், புடசொனைடு, இப்ரட்ரோபியம், டையோட்ரோபியம் ஆகிய மூச்சுவழி மருந்துகள் 2022-ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே உள்ளன. இந்த மருந்து நோயாளியின் கைக்கு வந்து சேர்ந்த பிறகும் நுரையீரலுக்குப் போய்ச் சேராமல் நின்றுவிடுவதே என் கவலை.

மாத்திரை என்றால் விழுங்கினால் போதும். இன்ஹேலரில் அப்படி இல்லை. கருவியை வைத்திருப்பவரின் கையும், உதடும், மூச்சும் சரியான ஒழுங்கில் இயங்கினால்தான் மருந்து உள்ளே போகும். மக்கள் ‘பம்ப்’ என்று அழைக்கும் அழுத்தக் குப்பி வகையை எடுத்துக்கொள்ளுங்கள். மூடியைக் கழற்றி, நன்றாகக் குலுக்கி, முதலில் மூச்சை முழுவதும் வெளியே விட்டு, வாய்ப்பகுதியை உதடுகளால் இடைவெளியில்லாமல் கவ்வி, மெதுவாக மூச்சை இழுக்கத் தொடங்கிய அந்தக் கணத்தில் குப்பியை ஒருமுறை மட்டும் அழுத்தி, இழுப்பதை நிறுத்தாமல் நான்கைந்து நொடிகள் தொடர்ந்து, பிறகு 10 நொடிகள் மூச்சைப் பிடித்து வைக்க வேண்டும். இரண்டாவது முறை தேவையென்றால் அரை நிமிடமாவது இடைவெளி விட்டு, மறுபடியும் குலுக்கித் தொடங்க வேண்டும். இவ்வளவையும் பிழையில்லாமல் செய்தாலும், தனிக் குப்பியிலிருந்து வெளிவரும் மருந்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நுரையீரலை எட்டுவதில்லை; மீதியில் பெரும்பகுதி வாயிலும் தொண்டையிலும் படிந்துவிடுகிறது. ஒரு நொடி முந்தி அழுத்திவிட்டாலோ, மூச்சை வேகமாக இழுத்துவிட்டாலோ அந்தச் சிறு பங்கும் தொண்டையோடு நின்றுவிடும்.

தூள் மருந்துக் குளிகை வகைக்கு முறையே வேறு. அதைக் குலுக்கத் தேவையில்லை. குளிகையைக் கருவியில் வைத்துத் திருகியோ துளையிட்டோ திறந்த பிறகு, மூச்சை வெளியே விடும்போது கருவியை வாயிலிருந்து விலக்கிப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் வாயின் ஈரம் பட்டுத் தூள் கட்டிபிடித்துவிடும். பிறகு வேகமாகவும் ஆழமாகவும் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். ஏனென்றால் இங்கே தூளை உடைத்து உள்ளே கொண்டுபோவது நோயாளியின் மூச்சின் வேகம்தான். குப்பிக்கு மெதுவான மூச்சு, தூளுக்கு வேகமான மூச்சு. இந்த இரண்டு கருவிகளையும் ஒரே சீட்டில் ஒரே நோயாளிக்கு எழுதி, ஒரே உறையில் போட்டு, ‘காலையில் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு’ என்று மட்டும் சொல்லி அனுப்புவது எப்படிச் சரியாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதன் விளைவுகளை ஜன்னலுக்கு இப்புறம் இருந்து பார்த்திருக்கிறேன். தூள் குளிகையை மாத்திரை என்று நினைத்துத் தண்ணீரோடு விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். குளிகை என்று கையில் கொடுத்தால் விழுங்கத்தான் தோன்றும். அது அவர்களுடைய குற்றமில்லை. மூடியைக் கழற்றாமலே அழுத்துகிறவர்கள், வாயைத் திறந்து பற்களில் அடித்துக்கொள்கிறவர்கள், ஒரே மூச்சில் இரண்டு மூன்று முறை அழுத்துகிறவர்கள், மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே வாயில் அழுத்துகிறவர்கள், மருந்தை உள்ளே விட்ட மறுநொடியே புகையாக வெளியே ஊதிவிடுகிறவர்கள் என எத்தனையோ பேர். மூட்டுவலியால் விரல் மடங்காத பாட்டிகளுக்கு ஒரு கையால் குப்பியை அழுத்த முடிவதில்லை. இரண்டு கைகளாலும் அழுத்தலாம் என்று யாராவது சொன்னால் அவர்கள் முகம் மலர்கிறது. கண்புரை உள்ளவர்களுக்குக் குளிகையின் எந்த முனையை எந்தத் துளையில் வைப்பது என்றே தெரிவதில்லை. கடற்காற்றின் ஈரத்தில், அதிலும் ஐப்பசி, கார்த்திகை மழையில், காகித உறையில் உதிரியாகக் கொடுக்கப்பட்ட குளிகைகள் ஈரம் கோத்துப் பிசுபிசுத்துவிடுகின்றன. அதற்குள்ளிருக்கும் தூள் எவ்வளவு வேகமாக இழுத்தாலும் வெளியே வராது.

குப்பி தீர்ந்துபோனதை அறியாமல் வாரக்கணக்கில் வெறும் காற்றை அடித்துக்கொண்டிருப்பது இன்னொரு துயரம். எண்ணிக்கை காட்டும் சாளரம் இல்லாத குப்பியில், மருந்து தீர்ந்த பிறகும் உந்துவாயு மட்டும் ‘புஸ்’ஸென்று வந்துகொண்டிருக்கும். தண்ணீரில் மிதக்கிறதா என்று போட்டுப் பார்க்கும் பழக்கம் நம்பத்தக்கதன்று. 120 முறை அடிக்கும் குப்பியைக் காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்று பயன்படுத்தினால் 30 நாளில் தீரும். கொடுக்கும்போதே தொடங்கும் தேதியையும் முடியும் தேதியையும் மார்க்கர் பேனாவால் குப்பியின் மேல் எழுதிக் கொடுப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அதை எழுதாமல் விடுவதற்கு நேரமின்மையைக் காரணமாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இது வடசென்னைக்கு மட்டுமோ நம் நாட்டுக்கு மட்டுமோ உரிய குறையன்று. 1975 முதல் 2014 வரை நாற்பது ஆண்டுகளில் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, இன்ஹேலரைச் சரியாகப் பயன்படுத்தியவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே என்றும், இந்த நாற்பது ஆண்டுகளில் நிலைமை முன்னேறவே இல்லை என்றும் காட்டியது. கருவிகள் மாறின, மருந்துகள் மேம்பட்டன, ஆனால் கற்றுக்கொடுப்பது மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அந்தத் தேக்கம் நோயாளிகளின் அறியாமையால் வந்தது என்று சொல்வது அநீதி.

தவறான முறை மருத்துவரையும் ஏமாற்றுகிறது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நோயாளி மூச்சுத் திணறலோடு திரும்பி வருகிறார். சீட்டில் இன்ஹேலர் எழுதப்பட்டிருக்கிறது, மருந்தகப் பதிவேட்டில் வாங்கியதாகவும் இருக்கிறது. ஆகவே மருந்து போதவில்லை என்றே எவருக்கும் தோன்றும். அளவு கூட்டப்படுகிறது, இன்னொரு மருந்து சேர்க்கப்படுகிறது, ஸ்டீராய்டு மாத்திரை எழுதப்படுகிறது, இரவில் ‘வீசிங்’ அதிகமாகி, மருந்தைப் புகைபோல ஆக்கித் தரும் நெபுலைசர் கருவிக்காக ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓட வேண்டியதாகிறது. நெபுலைசர் வைத்ததும் மூச்சு சீராவதைக் கண்ட குடும்பம், ‘பம்ப் வேலை செய்யாது, புகைதான் கேட்கும்’ என்ற முடிவுக்கு வந்துவிடுகிறது. நெபுலைசரில் போவதும் பெரும்பாலும் அதே மருந்துதான். அங்கே சாதாரணமாக மூச்சு விட்டாலே போதும் என்பதால் அது வேலை செய்கிறது. இன்ஹேலரோடு ஸ்பேசர் என்னும் குழல் ஒன்றைச் சேர்த்துக் கற்றுக்கொடுத்திருந்தால் பலருக்கு அந்த இரவுப் பயணமே தேவைப்பட்டிருக்காது.

பயங்களையும் நாம்தான் போக்க வேண்டும். ‘பம்ப் போட்டால் பழகிவிடும்’, ‘அது கடைசிக் கட்டத்தில் கொடுப்பது’, ‘பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது வெளியே தெரியக்கூடாது’ என்ற பேச்சுகளை இப்பகுதியில் கேட்காத நாளில்லை. சால்புட்டமால் பம்பை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். அதே மருந்தின் 4 மில்லிகிராம் மாத்திரையில் இருப்பது அதைப்போல 40 மடங்கு. மாத்திரை உடம்பு முழுவதும் சுற்றிக் கைநடுக்கத்தையும் படபடப்பையும் கொண்டுவரும். பம்ப் தேவையான இடத்துக்கு நேராகச் சிறு அளவில் போகும். இதைக் கணக்கோடு எடுத்துச் சொன்னபோது, மாத்திரையே போதும் என்று பிடிவாதமாக இருந்தவர்கள் மனம் மாறியதை நான் கண்டிருக்கிறேன். அதுபோலவே, உடனே மூச்சைத் திறக்கும் மருந்து எது, அழற்சியைக் குறைக்க நாள்தோறும் எடுக்க வேண்டிய மருந்து எது என்ற வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ‘இதைப் போட்டால் ஒன்றும் தெரியவில்லை’ என்று இரண்டாவதைத்தான் அவர்கள் நிறுத்துவார்கள். ஸ்டீராய்டு உள்ள இன்ஹேலருக்குப் பின் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லாததால் வாயில் வெண்படலம் படர்ந்து, அந்த எரிச்சலுக்காகவே மருந்தைக் கைவிட்டவர்களும் உண்டு.

நான் கேட்பது புதுமையானதன்று. இந்த ஊரிலேயே அதற்கு முன்னோடி இருக்கிறது. சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், சென்னையின் ஏழைக் குடும்பங்களை வைத்து நடத்திய ஆய்வை 1959-இல் வெளியிட்டது. சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வைக்காமல் வீட்டிலிருந்தே மருந்து எடுத்தாலும் காசநோய் அதே அளவுக்குக் குணமாகும் என்று உலகத்துக்குக் காட்டியது அந்த ஆய்வுதான். நோயாளி மருந்து உட்கொள்வதைப் பணியாளர் நேரில் பார்க்க வேண்டும் என்ற முறையும் அந்த மையத்தின் பணிகளில் வளர்ந்து, பிற்காலத்தில் உலகெங்கும் காசநோய்த் திட்டங்களின் அடிப்படையாயிற்று. வெறுமனே விழுங்க வேண்டிய மாத்திரைக்கே நேரில் பார்க்கும் முறையை வகுத்தோம். ஏழெட்டுப் படிகளைத் தவறில்லாமல் செய்தால் மட்டுமே பலன் தரும் இன்ஹேலரை யாரும் பார்ப்பதில்லை. நாள்தோறும் பார்க்கச் சொல்லவில்லை. மருந்து வாங்க வரும் மாதத்தில் ஒருமுறை பார்த்தால் போதும்.

ஒருமுறை சொல்லிக்கொடுத்துவிட்டால் முடிந்தது என்பதும் உண்மையன்று. சரியாகக் கற்றுக்கொண்டவர்களே சில வாரங்களில், சில மாதங்களில் ஒவ்வொரு படியாகத் தவற விடுகிறார்கள். மூச்சைப் பிடித்து வைப்பது முதலில் போகும், குலுக்குவது அடுத்துப் போகும். ஆகவேதான் ஒவ்வொரு முறையும் செய்து காட்டச் சொல்ல வேண்டும் என்கிறேன். ‘சரியாகப் போடுகிறீர்களா?’ என்று கேட்டால் ‘போடுகிறேன் சார்’ என்றுதான் பதில் வரும். ‘இப்போது எனக்குப் போட்டுக் காட்டுங்கள், அம்மா’ என்று கேட்டால்தான் உண்மை தெரியும். தவறு கண்டால் அதட்டாமல், பணியாளர் தாமே மாதிரிக் கருவியில் செய்து காட்டி, மறுபடி நோயாளியைச் செய்யச் சொல்ல வேண்டும். வரிசையில் நிற்பவர்களின் முன்னே ஒரு முதியவரைத் தலைகுனிய வைத்தால் அடுத்த மாதம் அவர் வரமாட்டார்.

இதற்கு முதலில் பணியாளர்களுக்கே பயிற்சி வேண்டும். மருத்துவப் பணியாளர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளும் அவர்களில் பெரும்பாலோர் எல்லாப் படிகளையும் சரியாகச் செய்வதில்லை என்றே காட்டியிருக்கின்றன. வட்டத்துக்கு ஒரு செவிலியரையும் ஒரு மருந்தாளுநரையும் தேர்ந்தெடுத்து, ஸ்டான்லி மருத்துவமனை, ஓட்டேரி நெஞ்சக நோய் மருத்துவமனை ஆகியவற்றின் வல்லுநர்களிடம் ஒருநாள் பயிற்சி அளித்து, மருந்தில்லாத மாதிரிக் கருவிகளைக் கொடுத்து அனுப்பினால் அவர்கள் மற்றவர்களுக்குக் கற்றுத்தருவார்கள். 2021 ஆகஸ்ட் முதல் நடந்துவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் ஏற்கெனவே இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரைகளோடு வீடுகளுக்குப் போகிறார்கள். அவர்களுக்கும் இந்தப் பயிற்சி கிடைத்தால், மாடிப்படி இறங்க முடியாத மூச்சு நோயாளிகளுக்கு அதைவிடப் பெரிய உதவி இருக்க முடியாது. தொற்றாநோய்களுக்கான தேசியத் திட்டத்தின் 2023-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களில் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் ஆஸ்துமாவும் இடம்பெற்றிருப்பதால், இதைத் தனித் திட்டமாகப் புதிதாகத் தொடங்க வேண்டிய தேவையும் இல்லை.

ஸ்பேசரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குப்பியை அழுத்துவதையும் மூச்சை இழுப்பதையும் ஒரே கணத்தில் செய்ய முடியாத முதியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் இந்தக் குழல்தான் வழி. மருந்து முதலில் குழலுக்குள் நிறைகிறது, பிறகு நோயாளி தம் போக்கில் மூச்சை இழுத்துக்கொள்ளலாம். மூச்சைப் பிடிக்க முடியாதவர்கள் ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஐந்தாறு முறை சாதாரணமாக மூச்சுவிட்டாலே போதும். குப்பி எழுதப்படும் ஒவ்வொருவருக்கும் ஸ்பேசர் ஒன்று இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். விலை தடையாக இருந்தால் அதற்கும் விடை உண்டு. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் மருத்துவர்கள், 500 மில்லிலிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலின் அடியில் இன்ஹேலரின் வாய்ப்பகுதி இறுகப் பொருந்துமாறு துளையிட்டுச் செய்த ஸ்பேசர், ஆஸ்துமாவோடு வந்த குழந்தைகளுக்குக் கடையில் விற்கும் ஸ்பேசருக்கு இணையாகப் பயன்பட்டதை 1999-இல் வெளியிட்டார்கள். நம் சுகாதார நிலையங்களிலேயே இதைச் செய்து கொடுக்கலாம். எந்த ஸ்பேசராக இருந்தாலும் சோப்புத் தண்ணீரில் கழுவி, துணியால் துடைக்காமல் நிழலில் தானாக உலரவிட வேண்டும். துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

கொள்முதல் செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒப்பந்தம் மாறும்போதெல்லாம் தூள் கருவியின் வகையும் மாறினால், நோயாளி கற்ற முறை வீணாகும். திருகும் கருவியில் பழகியவர் கையில் துளையிடும் கருவியைக் கொடுத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். விலையோடு கருவியின் வகையையும் ஒரு நிபந்தனையாக வைத்து, முடிந்தவரை ஒரே வகையைத் தொடர வேண்டும். குளிகைகளை மூடியுள்ள குப்பியில் மட்டுமே வழங்க வேண்டும், காகித உறையில் போடக்கூடாது. பெட்டிக்குள் மடித்து வைக்கப்படும் பொடியெழுத்துத் தாளை இங்கே எவரும் படிப்பதில்லை. அதற்குப் பதிலாகப் பெரிய படங்களோடு தமிழிலும், தெலுங்கும் உருதும் பேசும் குடும்பங்கள் இப்பகுதியில் நிறைய இருப்பதால் அம்மொழிகளிலும், ஓர் அட்டை கொடுக்கலாம். அட்டை நினைவூட்டலுக்கு மட்டுமே. கற்றுக்கொடுக்கும் வேலையை அதன் தலையில் கட்டிவிடக்கூடாது.

ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், நெரிசல் மிக்க காலை நேரத்தில் இது இயலாது என்ற மறுப்பு வரும் என்பதை அறிவேன். அந்த மறுப்பு நியாயமானதே. ஜன்னலுக்குப் பின்னால் நின்ற எனக்கு அந்த வரிசையின் நீளம் தெரியும். எனவே மூச்சு நோயாளிகளுக்கு வாரத்தில் ஒரு பிற்பகலை ஒதுக்கி, மருந்து வழங்குவதையும் பயிற்சியையும் அன்று ஒரே மேசையில் செய்யலாம். முதல்முறை ஐந்து நிமிடம் எடுப்பவருக்கு அடுத்த முறை இரண்டு நிமிடம்கூட ஆகாது.

தொடங்குவதற்கு ஒரு நாளையும் குறிப்பிடுகிறேன். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தின் மூன்றாம் புதன்கிழமை உலக நுரையீரல் அடைப்பு நோய் நாள். மழையும் குளிரும் சேர்ந்து மூச்சுத்திணறல் கூடும் அந்தப் பருவத்தில், பேரணிக்கும் பதாகைக்கும் செலவிடுவதை விட்டு, ‘வீட்டிலுள்ள இன்ஹேலரை எடுத்துக்கொண்டு வாருங்கள்’ என்று ஒவ்வொரு சுகாதார நிலையமும் தன் நோயாளிகளை அழைக்கட்டும். ஒவ்வொருவரும் அதைப் போட்டுக் காட்டட்டும். எந்தப் படியில் தவறு என்று அவருடைய வெளிநோயாளர் புத்தகத்தில் எழுதப்படட்டும். அடுத்த மாதம் அதே பக்கத்தைத் திறந்து அந்தப் படியைச் சரிபார்க்கட்டும். அந்தப் பக்கங்களைத் தொகுத்தால் எந்த மையத்தில் எந்தத் தவறு மிகுதி என்பதும், பயிற்சியும் ஸ்பேசரும் முதலில் எங்கே போக வேண்டும் என்பதும் துறைக்குத் தெளிவாகிவிடும். பயிற்சி மேசைகளில் உட்கார ஓய்வு பெற்ற மருந்தாளுநர்கள் தேவைப்பட்டால், ஊதியம் ஏதும் எதிர்பாராமல் வர நான் ஆயத்தமாக இருக்கிறேன். என்னோடு பணியாற்றியவர்களிலும் வரக்கூடியவர்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை.